ஊசிக்கு முன் ஆறு மாதம்

என் மகனுக்கு ஒன்பது வயது முடிந்தபோது உயரம் 119 செ.மீ. வகுப்பு வரிசையில் எப்போதும் முதலில் நிற்பவன் அவன்தான். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் வளர்ந்துவிடுவான் என்று யாரோ சொன்னதை நம்பி மருத்துவரிடம் போனோம்.

இரத்தத்தில் தைராய்டு முதல், வளர்ச்சி ஹார்மோன் போதுமா என்று உணர்த்தும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற புரதம் வரை பார்த்தார்கள். பிறகு இடக்கை எக்ஸ்ரே. மருத்துவர் ஒரு படத்தொகுப்பைப் புரட்டி, மணிக்கட்டின் சிற்றெலும்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, "எலும்பின் வயது ஏழுதான்" என்றார். எனக்குத் திக்கென்றது. எலும்பு பின்தங்கியிருந்தால் வளர இன்னும் காலம் மிச்சமிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

மருந்து கொடுத்து உடல் எவ்வளவு வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது என்று பார்க்கும் தூண்டல் பரிசோதனை நடந்த நாள்தான் கடினம். வெறும் வயிற்றில் குளோனிடின் மாத்திரை கொடுத்து, கையில் பொருத்திய குழாய் வழியே அரை மணிக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள். அந்த மருந்து இரத்த அழுத்தத்தை இறக்கும். பிள்ளை முகம் வெளிறி என் மடியிலேயே தூங்கிக் கிடந்தான். துணைக்கு இன்னொருவரை அழைத்துப் போங்கள். ஹார்மோனின் உச்ச அளவு மி.லி.க்கு 12 நானோகிராம் வந்தது. பலரும் குறைபாடு என்று கொள்வது 10-க்குக் கீழே இருந்தால்தான்.

இங்கேதான் மருத்துவர்கள் வேறுபட்டார்கள். ஹார்மோன் குறைபாடு, பெண் குழந்தைகளுக்கு வரும் டர்னர் என்ற குரோமோசோம் குறைபாடு, நாள்பட்ட சிறுநீரக நோய் என்றால் பெரிதாகத் தயங்க மாட்டார்கள். காரணம் பிடிபடாத குட்டைத்தன்மைக்குத்தான் இத்தனை விவாதமும். "அமெரிக்காவில் 2003-லேயே இதற்கும் அனுமதி கொடுத்தார்கள், தொடங்கலாம்" என்றார் முதலாமவர். இரண்டாமவரோ, பல ஆண்டுகள் இரவுதோறும் ஊசி போட்டால் சராசரியாகக் கூடுவது 4 முதல் 7 செ.மீ. வரைதான் என்று கணக்குச் சொன்னார். பிறகு என் கணவரிடம் திரும்பி, "நீங்கள் எந்த வயதில் வளர்ந்தீர்கள்?" என்று கேட்டார்.

"கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் டாக்டர். ஒரே ஆண்டில் பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது."

"அப்படியானால் மகனும் உங்களைப் போல் தாமதமாக வளரலாம். ஆறு மாதம் அளந்து பார்ப்போம்."

இந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதே அளவுகோலில், செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளந்தார்கள். ஆறு மாதத்தில் 2.8 செ.மீ. வளர்ந்திருந்தான்; இப்போதைக்கு ஊசி இல்லை. ஊசியே வேண்டாம் என்று முடிவாகிவிடவில்லை. வளரும் வேகம் ஆண்டுக்கு 4 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் மறுபடி பேச வேண்டும். எக்ஸ்ரே அடுத்த ஆண்டு.