காணாமல் போகும் புடவைகள்

தி.நகர் துணிக்கடை ஒன்றின் இணையதளம். பையில் போட்ட புடவைகள், பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் மறைந்துவிடுகின்றன. அதுவும் சிலருக்கு மட்டும். "கஸ்டமர் எல்லாம் திட்டுறாங்க சார்" என்று காலையிலிருந்து போன்.

தளம் ஓடுவது பிஎச்பி என்ற நிரல்மொழியில். வந்தவர் பையில் என்ன இருக்கிறது என்று சர்வர் ஓர் எண் போட்டு நினைவில் வைத்திருப்பதுதான் செஷன். அதில் சிக்கல் என்றாலே எல்லோரும் 1440 நொடியைத்தான் சந்தேகிப்பார்கள். 24 நிமிடம் தொடாமல் கிடந்தால் தரவைத் துடைக்கலாம் என்பது அதன் இயல்பு அமைப்பு. (புடவை எடுக்க 24 நிமிடம் எந்த ஊரில் போதும்?) ஆனால் இங்கே அடுத்த நிமிடமே பை காலி.

அந்த செஷன் எண்ணைத் தளம் பிரௌசரில் குறித்து வைக்கும் சின்னச் சீட்டுதான் குக்கி. அதைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. வாட்ஸப்பில் அனுப்பிய இணைப்பில் முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ இருக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் இல்லை. டொமைன், அதாவது எந்தத் தளப்பெயருக்கு என்று குறிப்பிடாமல் வைத்த குக்கி, வைத்த முகவரிக்கு மட்டுமே திரும்பப் போகும். செஷன் எண் வராததால் பிஎச்பி புதிதாக ஒன்றைத் திறந்துவிடுகிறது. பழைய பை சர்வரில் பத்திரமாகத்தான் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

எல்லா முகவரியையும் ஒரே முகவரிக்குத் திருப்பிவிட்டதும் சரியாகிவிட்டது. அப்புறம், நடுவில் யாரோ செஷன் ஆயுளை ஒரு நாளாக ஏற்றி வைத்திருந்தார்கள். அதையும் பழையபடி இறக்கியாச்சு.