பாக்கெட் பிரிக்கிற போதை

அக்கா பையன் சத்துவாச்சாரியில உக்காந்துக்கிட்டு அமெரிக்க பேஸ்பால் கார்டு, அதான் ஆட்டக்காரங்க படம் போட்டு பாக்கெட்ல விக்கிற அட்டை, வாங்குறான். அங்க ஒருத்தன் கார்டு பாக்கெட் இருக்கிற பெட்டியை ஆன்லைன்ல லைவ்ல பிரிப்பான். இவன் முன்னாடியே காசு கட்டி ஒரு டீமைப் புடிச்சு வெச்சிருப்பான். அந்த டீம் கார்டு வந்தா இவனுக்கு, வரலைன்னா காசு அம்போ.

இது லாட்டரி இல்லாம வேற இன்னா? 2003ல தமிழ்நாட்டுல ஒழிச்சதா நெனச்ச சுரண்டல் சீட்டு, பளபளன்னு சட்டை மாத்திக்கிட்டு போன்ல வந்திருக்கு.

கேட்டா, "மிக்கி மேன்டில்னு ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரோட 1952 கார்டு 2022ல 1.26 கோடி டாலருக்குப் போச்சு மாமா"ன்றான். டேய், அந்தக் காலத்துல அதை எவனும் பத்திரப்படுத்தல, அதான் அந்த விலை. இப்ப அச்சடிக்கிறதை எல்லாரும் பிளாஸ்டிக் உறையில போட்டு பூட்டி வெக்கிறீங்க, எப்படிடா ஏறும்?

பாக்கெட்டாவும் வாங்குறான், அதை அவனே பிரிக்கிறதைப் பாக்கணும். மேல் கார்டை கட்டைவிரலால மில்லிமீட்டர் மில்லிமீட்டரா தள்றான், மூச்சே விடமாட்றான். வந்ததை ஓரமா வீசிட்டு அடுத்தது.

கிரெடிட் கார்டு பில் வந்தப்பதான் அக்காவுக்கே விஷயம் தெரிஞ்சுது. பாகாயம் சிஎம்சி மனநல மையத்துல பேசிப் பாக்கலாம்னா, "நான் இன்னா பைத்தியமா?"ன்னு எகிர்றான். வியாழக்கிழமை நானே வண்டியில ஏத்திட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.