செயின் சா ஆயில் ஒழுகினால் எங்கே தேடுவது: ஒரு ரிப்பேரின் படிகள்

30 சிசி அளவுள்ள சிறிய செயின் சா. இரவு வேலை முடிந்து தரையில் வைத்தால் காலையில் அடியில் ஆயில் தேங்கிக் கிடக்கிறது, டேங்கில் பாதி காணவில்லை. இந்தப் புகாரோடு வந்த ஒரு மெஷினைச் சரிசெய்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பம்பைக் கழற்றுவது இதில் கடைசி வேலை. பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள், பல நேரம் தேவையில்லாமல் செய்கிறார்கள்.

முதலில், இது கசிவுதானா? பார் என்பது செயின் ஓடும் நீளமான தகடு. அதற்கும் செயினுக்கும் போகும் பார் ஆயில் சுற்றித் திரும்பி வருவதில்லை. டேங்கிலிருந்து ஹோஸ், பம்ப், பாரின் துளை, பள்ளம், செயின் என்று போய் மரத்தூளோடு வெளியே விழுந்துவிடும். அதனால் அறுத்து முடித்த மெஷினில் பாரின் பள்ளத்திலும், சைடு கவருக்குள் அடைந்திருக்கும் தூளிலும் ஆயில் ஊறிக் கிடக்கும். நிறுத்தி வைத்த பிறகு அது வடிந்து உள்ளங்கை அகலத்துக்குக் கறை போட்டால் கோளாறு இல்லை. டேங்க் மட்டத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். மட்டம் இறங்கினால்தான் கசிவு.

ஒழுகுவது எந்த ஆயில் என்பதையும் விரலில் தொட்டுப் பாருங்கள். பார் ஆயில் பிசுபிசுவென்று நூல் இழுக்கும். தண்ணியாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் அது 2டி (டூ-ஸ்ட்ரோக் ஆயில்) கலந்த எரிபொருள். பெட்ரோல் ஹோஸையோ மூடியையோ பாருங்கள். கிளட்சுக்குப் பின்னாலிருந்து கறுப்பாக வடிந்து, ஐடிலிங்கும் ஏறி இறங்கினால் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கலாம். அது தனி வேலை.

அடுத்தது கழுவல். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, செயின் பிரேக்கை விடுவித்து, கவர், செயின், பார் மூன்றையும் எடுத்துவிடுங்கள். பிரேக் பட்டை கவருக்குள் இருக்கும் மாடல்களில் பிரேக் பிடித்த நிலையில் கவரைக் கழற்றினால் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. மண்ணெண்ணெய், பிரஷ், பிறகு காற்று. ஈரம் துளியும் இல்லாமல் துடைத்த பின் டேங்கை நிரப்பி, வெள்ளை அட்டை மேல் இரவு முழுக்க வையுங்கள். சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவினால் ஆயில் ஓடிய தடம் கோடாகத் தெரியும். கறை எந்த இடத்துக்கு நேர் கீழே விழுகிறது என்பதுதான் மொத்த ரிப்பேரையும் தீர்மானிக்கும்.

அட்டை சுத்தமாக இருந்தால் டேங்கில் குறையில்லை, கோளாறு பார் பக்கம். பாரின் ஆயில் துளையைக் கம்பியால் குத்திப் பாருங்கள். தென்னை அறுக்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். அந்த நார்த்தூள் ஆயிலோடு சேர்ந்து துளையையும் பள்ளத்தையும் கட்டியாக அடைத்துவிடும். பம்ப் தள்ளுகிற ஆயில் பாருக்குள் போக வழியில்லாமல் பக்கவாட்டில் பிதுங்கிக் கீழே கொட்டும். பார் காய்ந்து நீலம் பூத்திருக்கும், மெஷின் அடியோ ஆயிலில் குளித்திருக்கும். பாருக்குப் பின்னால் வரும் மெல்லிய தகடு தொலைந்திருந்தாலும், துளை ஒத்துவராத வேறு மாடல் பாரை மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

ஆயில் டேங்க் மூடிக்குக் கீழே கறை என்றால் மூடியின் ரப்பர் வளையமான ஓரிங். தட்டையாகிவிட்டதா, வெடித்திருக்கிறதா பாருங்கள், மாற்றுங்கள். சில சமயம் மரையில் மாட்டிய ஒரு மரத்தூள் துண்டே காரணமாக இருக்கும்.

காற்று வால்வைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஆயில் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும், ஆயில் வெளியே வரக் கூடாது. அதற்கான ஒருவழி வால்வு இது. திறந்தபடி சிக்கினால் அதன் வழியாகவே கசியும். அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாமல் ஆயில் வருவது குறையும். ஒருவழி வால்வு அழுத்தத்தை வெளியே விடாது என்பதால், வெயிலில் வைத்த மெஷினில் டேங்குக்குள் அழுத்தம் ஏறி ஆயிலைப் பம்ப் வழியாகப் பார் பக்கம் தள்ளவும் செய்யும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வந்தால் இங்கே தேடுங்கள். பெட்ரோலில் கழுவிக் காற்று அடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். டேங்கை விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு சென்டிமீட்டர் விடுவதும், வேலை முடிந்ததும் மூடியை ஒருமுறை தளர்த்தி மூடுவதும் நல்லது.

இந்த மெஷினில் கறை விழுந்தது கிளட்சுக்கு நேர் கீழே. அப்படியானால் ஹோஸ் அல்லது பம்ப். இனி கிளட்சைக் கழற்றியாக வேண்டும்.

பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் மேலேறும்போது எக்ஸாஸ்ட் வழியை மூடும் வரை பிளைவீலைத் திருப்புங்கள். பிறகு இன்ஜின் சுற்றாமல் பிஸ்டனைத் தடுக்க, முடிச்சுப் போட்ட நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியாகத் திணியுங்கள். வழி திறந்திருக்கும்போது திணித்தால் கயிறு அதில் சிக்கி நறுங்கும். கிளட்சுக்கு இடது மரை: வலப்பக்கம், அதாவது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். டிரம் வெளியே இருக்கும் மாடல்களில் முதலில் ஈ-கிளிப்பை (E வடிவப் பூட்டுக் கிளிப்) எடுக்க வேண்டும். துணியால் மூடிக்கொண்டு எடுங்கள், பறந்தால் தூளுக்குள் கிடைக்காது. டிரம், நீடில் பேரிங், பம்பைச் சுற்றும் வார்ம் கியர் என்று வரிசையாக எடுத்தால் பம்ப் தெரியும். வார்ம் கியரின் பல் தேய்ந்திருந்தால் ஆயில் வராது. ஒழுகலுக்கு அது காரணமல்ல.

ரப்பர் ஹோஸ் டேங்க் சுவரைத் தாண்டும் கழுத்தை வளைத்துப் பாருங்கள். கிளட்ச் சூட்டில் ரப்பர் இறுகி, மயிரிழை போல வெடித்திருக்கும். நேராக இருக்கும்போது வெடிப்பு தெரியாது. இங்கேயும் அதுதான். உறுதி செய்ய, டேங்க் வாயில் துணி சுற்றிய குழாயை வைத்து மெதுவாக ஊதினால் கழுத்தில் ஆயில் முத்து முத்தாக அரும்பும். சிலிக்கான் பூசிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், ஆயில் ஊறிய ரப்பரில் அது ஒட்டாது. பில்டரைக் கம்பிக் கொக்கியால் டேங்க் வாய் வழியாக எடுத்துக் கழுவி, புது ஹோஸின் உதட்டில் ஆயில் தடவி, அதன் பள்ளம் சுவரில் முழுதாக உட்காரும் வரை தள்ளுங்கள். அரைகுறையாக உட்கார்ந்தால் மறுநாளே திரும்ப ஒழுகும்.

ஹோஸ் நல்ல நிலையில் இருந்து, பம்பின் வாயிலிருந்தே சொட்டினால் உள்ளே தேய்ந்துவிட்டது. முழுப் பம்பையும் மாற்றுங்கள். இதற்கு முக்கியக் காரணம் பைக் சர்வீஸில் வடித்த பழைய ஆயில். அதில் உலோகத் துகள் இருக்கிறது, சூட்டில் தண்ணியாக ஓடவும் செய்யும். பார் ஆயில் கிடைக்காவிட்டால் புது 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். பசைத்தன்மை இல்லாததால் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

மாட்டும்போது கிளட்சை இடப்பக்கம் திருப்பி இறுக்கி, கயிற்றை உருவ மறக்காதீர்கள். ஸ்டார்ட் செய்து பார் நுனியை வெள்ளைக் காகிதத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து ரேஸ் கொடுங்கள். ஆயில் கோடு விழ வேண்டும். பெட்ரோல் டேங்க் காலியாகும்போது ஆயில் டேங்கில் அடியில் கொஞ்சம் மிஞ்சினால் சரி. பாதி மிஞ்சினால் போதிய ஆயில் போகவில்லை. ஆயில் முந்தித் தீர்ந்தால், திருகு உள்ள பம்ப் என்றால் மைனஸ் பக்கம் சிறிது திருப்புங்கள். திருகு இல்லாத மாடலில் ஆயில் தண்ணியாக இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அட்டையில் கறை விழுந்தால் டேங்கின் அடித் தையலில் வெடிப்பு இருக்கும். நைலான் பாடியில் எபோக்ஸி புட்டி நிற்காது, பாடியை மாற்ற வேண்டும். விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.