குளிர்ந்த ஆறு, திமில் மீன்: கொலராடோ குறிப்புகள்

ஜூலை 11, 2024

அமெரிக்காவின் அரிசோனாவில், கொலராடோ ஆற்றின் மேல் இருக்கும் கிளென் கேன்யன் அணையின் கீழ்க்குழாய்களைத் திறந்துவிட்டார்கள். ரொம்ப நாளாக எதிர்பார்த்த செய்தி. மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் வாய்களைவிடச் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் இருப்பவை இவை. அங்கே தண்ணீர் எப்போதும் குளிர்தான். அதை மேல்தண்ணீரோடு கலந்து, கொலராடோ ஆற்றை 15.5 டிகிரிக்குள் வைக்கப் பார்க்கிறார்கள். இந்தத் தண்ணீர் டர்பைனைச் சுற்றாது; பல மில்லியன் டாலர் மின்சாரம் நஷ்டம். இத்தனையும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற வந்தேறி மீன் அணைக்குக் கீழே முட்டையிடாமல் தடுக்க; இந்த ஆற்றின் நாட்டு மீனான ஹம்ப்பேக் சப், அந்தத் திமில் மீனைக் காப்பாற்ற. ஆறு 16 டிகிரியைத் தாண்டினால் அது பெருக ஆரம்பித்துவிடும்.

ஜூலை 14

பாஸ் அணையைத் தாண்டி எப்படி வந்தது என்று நண்பர் கேட்டார். ஏரி வற்றியதால்தான். அணைக்குப் பின்னால் தேங்கும் பவல் ஏரி நிறைந்திருந்த காலத்தில் பாஸ் மேல்மட்ட வெதுவெதுப்பில் திரியும். டர்பைன் வாய்கள் அதற்கு எட்டாத ஆழம். இருபது வருடத்துக்கும் மேலாக வறட்சி, எடுப்பதோ குறையவில்லை. மட்டம் இறங்க இறங்க, சூடேறிய தண்ணீரும் மீன்களும் வாய்க்கு நேராக வந்துவிட்டன. 2022 கோடையில் அணைக்குக் கீழே, ஆற்றோரத் தேங்கல் ஒன்றில் பாஸ் குஞ்சுகளே கிடைத்தன.

அணைக்கு வெகு மேலே, கொலராடோ படுகையின் யாம்பா ஆற்றில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அன்றைக்கு வயிறு கலங்கியிருக்கும். எல்க்ஹெட் நீர்த்தேக்கத்திலிருந்து தப்பிய பாஸ் அங்கே பெருகி, நாட்டு மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்த்தது.

ஜூலை 21

அம்மாவோடு, அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கும் லீஸ் ஃபெரிக்குப் போனேன். வெளியே அனல், தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரை வலிக்கிறது. ஹம்ப்பேக் சப்பின் படத்தைக் காட்டினேன். "நம்ம ஊரு கெண்டை மாதிரிதான் இருக்கு. முதுகுல என்னடா, காளைக்கு இருக்கற மாதிரி திமிலு?" என்றார். கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

அணைக்கு முன்னால் இது வேறு ஆறு. வசந்தத்தில் பனி உருகிச் செம்மண் வெள்ளம், கோடையில் வெதுவெதுப்பு. பள்ளத்தாக்கின் ஆழத்தில் வாழ்ந்ததால் 1946இல்தான் ராபர்ட் மில்லர் இந்த மீனை அறிவியலுக்கு விவரித்தார். 1963இல் அணையை மூடினார்கள். ஆறு தெளிந்தது, குளிர்ந்தது, சப் முட்டையிட முடியாமல் போனது. கிராண்ட் கேன்யனில் அது பிழைத்துக் கிடந்தது லிட்டில் கொலராடோ என்ற கிளையாற்றின் புண்ணியத்தில். ஊற்றுகளிலிருந்து வரும், சுண்ணாம்பு கலந்த நீல நீர்; மழை பெய்தால் ஒரே சேறு. அது பெரிய ஆற்றில் கலக்கும் இடம் இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களுக்குப் புனிதமானது.

அன்றைக்கு சப்பை விரட்டிய குளிரைத்தான் இன்றைக்கு அதைக் காப்பாற்றக் கேட்கிறோம். எனக்கு இது உறுத்துகிறது. ஆனாலும் இப்போதைக்குக் கையில் இருப்பது இதுதான், செய்யத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 4

1962 செப்டம்பர் பற்றிப் படித்தேன். ஃப்ளேமிங் கார்ஜ் அணையை மூடுமுன், புது ஏரியில் தூண்டில்காரர்களுக்கு ட்ரவுட் மீன் விடுவதற்காக, கொலராடோவில் கலக்கும் கிரீன் ஆற்றிலும் கிளைகளிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ரோட்டினோன் என்ற மீன்கொல்லி விஷம் ஊற்றியிருக்கிறார்கள். நாட்டு மீன்களுக்கு அன்று அவர்கள் வைத்த பெயர் 'கழிவு மீன்'. விஷத்தை முறிக்கப் போட்ட மருந்து போதாமல், அது ஆற்றின் கீழே பாதுகாக்கப்பட்ட டைனோசர் தேசிய நினைவுப் பகுதிக்குள்ளும் இறங்கியது. அரசு தன் கையால், திட்டம் போட்டுச் செய்த வேலை. படித்துவிட்டுக் கோபத்தில் வேறு எதுவும் செய்ய ஓடவில்லை.

செப்டம்பர் 15

நல்லதும் நடந்திருக்கிறது. 2003 முதல் சப் குஞ்சுகளை லிட்டில் கொலராடோவில் சூட் அருவிக்கு மேலே கொண்டுபோய் விட்டார்கள். கிராண்ட் கேன்யனின் கிளையோடைகளில் 2009இல் ஷினுமோ, 2011இல் ஹவாசு. ஷினுமோவில் விட்டவை 2014 காட்டுத்தீக்குப் பின் வந்த சாம்பல் வெள்ளத்தில் போயின, ஹவாசுவில் நிலைத்தன. பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் யாரும் கொண்டுபோய் விடாமலே சப் பெருகியது. ஏரி இறங்கி ஆறு சூடானது அதற்கு உதவியிருக்கிறது. பள்ளத்தாக்கின் கீழ்முனையில் உள்ள மீட் ஏரி வற்றியதால் உருவான பியர்ஸ் ஃபெரி பாய்ச்சல், கீழேயிருந்து வந்தேறி மீன்கள் ஏறாமல் தடுத்துவிட்டது.

2021 அக்டோபரில் சப்பின் ஆபத்து ஒரு படி குறைந்ததாக, 'அழியும் நிலை'யிலிருந்து 'அச்சுறுத்தலில்' என்று மாற்றினார்கள். அடுத்த கோடையே பாஸ் குஞ்சுகள்.

நவம்பர் 24

குழாய்களை மூடிவிட்டார்கள், குளிர்காலத்தில் தேவையில்லை. அடுத்த வருடம் எப்படி என்பது ராக்கி மலையில் விழும் பனியைப் பொறுத்தது. இப்போதைய நீர்ப்பங்கீட்டு விதிகள் 2026இல் முடிகின்றன. இந்த ஆற்றைப் பங்குபோடும் ஏழு மாநிலங்களும் பேசிக்கொண்டிருக்கின்றன, பேச்செல்லாம் வயலுக்கும் ஊருக்கும் எவ்வளவு என்பதில்தான். பவல் ஏரி இந்த மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று மீனுக்காகவும் ஒரு கோடு போட வேண்டும். அணை வாயிலில் பாஸைத் தடுக்கும் வலையோ திரையோ வேண்டும். அது வரும்வரை வருடா வருடம் குழாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறேன்.