பாண்டிச்சேரிக்குப் பக்கத்துல

பாண்டியில் கடலூர் பஸ் எடுக்கும்போது காலை ஏழு மணி இருக்கும். என் பெட்டி 23 கிலோ. விமானத்துக்காக பிரான்சில், லியோன் நகரில் அதை மூன்று முறை எடை போட்டு, இரண்டு புத்தகத்தையும் ஒரு கம்பளிக் கோட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கண்டக்டர் எடையெல்லாம் பார்க்கவில்லை. காலால் ஒரு தள்ளு தள்ளி இன்ஜின் பக்கம் ஒதுக்கிவிட்டு, "இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுக்கம்மா" என்றார்.

லியோனிலிருந்து துபாய், துபாயிலிருந்து மீனம்பாக்கம். அங்கிருந்து நேர் கடலூர் வண்டிக்குக் காத்திருக்கச் சொன்னார் அப்பா. முதலில் வந்தது பாண்டி வண்டி, ஏறிவிட்டேன். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. லியோனில் படித்த ஒரு செமஸ்டர் முழுக்கப் பாண்டியின் பெயரை வைத்துத்தான் பிழைத்திருக்கிறேன். இறங்கி ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போகவேண்டாமா?

விஷயம் இதுதான். செப்டம்பரில் முதல் வகுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பெயரும் ஊரும் சொல்லவேண்டும். நான் "கடலூர்" என்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேராசிரியர் இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார். "பாண்டிச்சேரிக்குப் பக்கத்துல" என்றேன். அவ்வளவுதான். "ஆ, பொந்திஷெரி!" ஒருவருடைய அத்தை ஆரோவில்லில் இருந்தாராம், இன்னொருவர் சுவரெல்லாம் மஞ்சளாக இருக்குமே என்றார். அதுவரை ஜன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு அன்று மதியம் சாப்பிட இரண்டு பேர் துணை கிடைத்தார்கள்.

செப்டம்பர் முடிவதற்குள் "பக்கத்துல" உதிர்ந்துவிட்டது. வெறும் பாண்டிச்சேரிக்காரி ஆகிவிட்டேன். பெரிய பொய் என்று சொல்லமுடியாது. நான் படிக்கும் கல்லூரி பாண்டியில்தான். நான்கு வருஷமாகத் தினமும் காலையும் மாலையும் இதே பஸ்ஸில் நின்றபடி வந்துபோகிறவள். இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர். ஆனாலும் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கடலூரில் எங்கள் மஞ்சக்குப்பம் மைதானம் ஒரு ஓரமாக நின்று பார்ப்பதுபோல இருக்கும்.

விசா, வங்கிக் கணக்கு, வீட்டு உதவித்தொகை, இந்தப் புராணத்தையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். போகப்போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிந்து உறுதி செய்துவிடுங்கள். அதை விட்டால் தலைவலி. மாணவர் உணவகத்தில் அப்போது, 2024-ல், 3.30 யூரோவுக்கு முழுச் சாப்பாடு. முதல் வாரம் அதை ரூபாயாக்கிப் பார்த்துத் தொண்டையில் இறங்கவில்லை. அப்புறம் வெளியே ஓட்டல் விலையைப் பார்த்தபின் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அக்டோபர் கடைசி விடுமுறையில் பாரீஸ் போனேன். அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். ஆறாம் எண் மெட்ரோவில் துய்ப்ளே என்று ஒரு நிலையம். நம்ம துய்ப்ளேதான், பழைய பிரெஞ்சு கவர்னர், பாண்டி கடற்கரையில் சிலையாக நிற்கிறவர். அங்கே இறங்கி நடந்தால் பாண்டிச்சேரித் தெருவே இருக்கிறது. பெயர்ப்பலகையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டேன். கடலூர்த் தெரு எதுவும் என் கண்ணில் படவில்லை. 1758-ல் எங்கள் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை இங்கிலீஷ்காரனிடமிருந்து பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாலியை, பாண்டியைத் தோற்றான் என்று 1766-ல் இதே பாரீஸில் தலையை வெட்டினார்கள். அந்தக் கோபத்தில் எங்கள் ஊர் நினைப்பையே விட்டுவிட்டார்களோ என்னவோ.

மறுநாள் பாரீஸிலேயே லா ஷப்பெல் பகுதி. ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக. கறிவேப்பிலை வாசனைக்கே கண் கலங்கிவிட்டது என்று எழுதினால் மிகை, ஆனால் கடை வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றது நிஜம். முருங்கைக்காய்க் கூடை அருகே ஒரு பாட்டியம்மா. அசல் பாண்டிக்காரர், வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவராம்.

"எந்த ஊரும்மா நீ?"

"பாண்டிச்சேரி, பாட்டி."

"பாண்டியில எங்க?"

வசமாக மாட்டிக்கொண்டேன். "கடலூர் பக்கம்" என்றேன்.

ஒரு காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "கடலூருன்னே சொல்லேன். இங்கிலீஷ்காரன் ஊரு. எங்கப்பாரு காலத்துல அது வேற நாடு, தெரியுமா?"

பஸ் அரியாங்குப்பம் தாண்டி, தவளக்குப்பம் தாண்டி, கிருமாம்பாக்கத்தில் நின்று நின்று போனது. பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அக்கா. வெயில் ஜன்னல் வழியாக முழங்கை வரை வந்தது. டிசம்பர் முழுக்க நான் ஏங்கியது இந்த வெயிலுக்கு. அங்கே மாலை ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கும் எனக்கும் மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆனது. ஆயாவுக்கு அது பிடிபடவேயில்லை. "போன வாரம் இந்நேரத்துக்குப் பேசுவியே" என்று சண்டை.

வெயில் இல்லாததால் நஷ்டமும் உண்டு. என் அறை ஒன்பது சதுர மீட்டர். அதில் கட்டில், மேஜை, குளியலறை, எல்லாம். மேஜை வெள்ளை. நவம்பரில் ஒருநாள் ரசப் பாத்திரத்தை அதன்மேல் வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். எடுத்தால் அச்சு வைத்ததுபோல் மஞ்சள் வட்டம். எலுமிச்சை தேய்த்தேன், பற்பசை தேய்த்தேன், சோடா உப்பு தேய்த்தேன். நம்ம ஊரில் துணியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்துப் பார்த்தேன். அந்த ஜன்னலில் வருவது வெயிலே இல்லை, பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம்.

காலி செய்யும் நாளில் விடுதியம்மா தாளோடு வந்தார். மெத்தை, திரை, அடுப்புத் தகடு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து டிக் அடித்தார். வட்டத்தின்மேல் விரலை வைத்து ஒருமுறை சுற்றினார். "என்ன இது?" "மஞ்சள்." "மருந்தா?" "ரசம்." அவர் எழுதிக்கொண்டது என்னவென்று தெரியாது, முன்பணத்தில் 20 யூரோ போனது. மஞ்சக்குப்பத்துக்காரி வந்துபோனதற்கு அடையாளமாக அது அங்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதிப்பெண் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இருபதுக்குத்தான் போடுவார்கள். பத்து வந்தால் தேர்ச்சி, பன்னிரண்டு தாண்டினால் பரவாயில்லை ரகம், பதினாறு வாங்குகிறவர்களை வகுப்பே திரும்பிப் பார்க்கும். எனக்கு ஒரு பாடத்தில் 13. கைகொடுத்துப் பாராட்டினார் ஆசிரியர். ஊருக்கு வந்து அலுவலகத்தில் தாளை நீட்டியபோது ஒரு கால்குலேட்டரில் தட்டிவிட்டு, "அறுபத்தஞ்சு பர்சென்ட்தானாம்மா?" என்றார்கள். இன்னும் அந்தக் கோப்பு நகரவில்லை.

முள்ளோடை தாண்டி, தென்பெண்ணைப் பாலம். பஸ் அதில் ஏறியதும் கழுத்தைத் திருப்பிக்கொண்டேன். கரையெல்லாம் வண்டல், முள்மரங்களில் துணியும் பிளாஸ்டிக்கும் தொங்கிக்கொண்டிருந்தன. வெள்ளம் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அந்த உயரத்தில்.

நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் பாண்டி அருகே கரையைக் கடந்தது. பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, ஆறு ஊருக்குள் வந்தது. ஆற்றங்கரைச் சித்தி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். எனக்கு அந்த வாரம் தேர்வு. போனை மேஜைமேல் அந்த மஞ்சள் வட்டத்துக்குள் வைத்துக்கொண்டு, குறிப்புகளில் இரண்டு வரி, சித்தப்பா அனுப்பிய வீடியோ ஒன்று, மறுபடி இரண்டு வரி என்று ஓடியது. பிறகு யாரும் போன் எடுக்கவில்லை. அங்கே கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

அடுத்த ஞாயிறு டிசம்பர் 8. லியோனில் அன்று ஜன்னல்தோறும் விளக்கு வைப்பார்கள். 1852-ல் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலை திறக்க செப்டம்பரில் நாள் குறித்திருந்தார்களாம். சோன் ஆற்றில் வெள்ளம் வந்து வேலை நின்று டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அந்த நாளிலும் புயல்மழை. மாலையில் வானம் வெளுத்ததும் ஜனங்கள் தாமாகவே ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றினார்களாம். வெள்ளம், மழை, அப்புறம் விளக்கு. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. இரண்டு கண்ணாடிக் குவளையில் மெழுகு வாங்கி என் ஜன்னலிலும் வைத்தேன். அன்றைக்குத்தான் சித்தி பேசினாள். பிரிட்ஜ் போச்சு, பீரோ போச்சு, ஆளெல்லாம் பத்திரம்.

கடைசி நாளுக்கு முந்தின மாலை, என் அறைத் தளத்துத் தோழியோடு ரோன் ஆறும் சோன் ஆறும் சேரும் முனைக்குப் போனேன். அந்தப் பகுதிக்குப் பெயரே கொன்ஃப்ளுவான்ஸ், கூடல். இரண்டு தண்ணீருக்கும் இரண்டு நிறம், கொஞ்ச தூரம் கோடு பிரிந்தே போகிறது. "எங்க ஊர்ப் பேரே இதுதான்" என்று சொல்லிவிட்டேன். ஆறுகள் கூடுவதால் கூடலூர், அது கடலூர் ஆனது என்பார்கள் என்று. அவள் முறைத்தாள். "நீ பொந்திஷெரி இல்லையா?" அவள் போர்ச்சுகல்காரி, ஊர் போர்ட்டோ. எங்கள் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை என்று ஓர் ஊர், உங்கள் ஆட்கள் அதற்குப் போர்ட்டோ நோவோ என்று பெயர் வைத்தார்கள் என்றேன். குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு வரைபடத்தில் தேடினாள். நான்கு மாதமாக இதைச் சொல்லாமல் இருந்ததற்கு முதுகில் ஒரு அடி கிடைத்தது.

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பாண்டியிலிருந்து பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்ப்பது வழக்கம். போலீஸ்காரர் என் பெட்டியை லத்தியால் தட்டினார்.

"யாருதும்மா இது? பாண்டியா?"

நாலு மாதம் பழகிய வாய். "ஆமா சார்" என்றுவிட்டது. அந்த இடத்தில் சொல்லவே கூடாத பதில்.

"திற."

லியோனிலிருந்து ஜெனிவாவுக்கு ரயிலில் போய்வந்தபோது ஒரு ஆள் பாஸ்போர்ட் கேட்கவில்லை. இங்கே என் ஸ்வெட்டர், சாக்லேட், உள்பாவாடை எல்லாம் பஸ்ஸுக்கே தரிசனம். மூன்று கவரில் சுற்றிய சேன் மர்செலான் சீஸை எடுத்து மோந்தவர் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா கெட்டுப்போச்சா?" "இல்ல சார், அதோட வாசனையே அதான்." கண்டக்டர்தான் காப்பாற்றினார். "பாரின்லேர்ந்து வர்ற பொண்ணு சார், விடுங்க."

1918 நவம்பரில் பாரதியும் இந்தப் பக்கம்தான் வந்தார். பத்து வருஷம் பாண்டியில் இருந்துவிட்டு இங்கிலீஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் பிடித்து, கடலூர் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். வேற நாடு என்று அந்தப் பாட்டியம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. பெட்டி ஜிப்தான் சரியாக மூடவில்லை, துப்பட்டாவால் கட்டினேன்.

மஞ்சக்குப்பத்தில் அப்பா ஸ்கூட்டரோடு நின்றார். வீட்டில் ஆயா திண்ணையிலேயே இருந்தாள். "இளைச்சுப்பூட்டியே பாப்பா" என்றாள். நான் மூன்று கிலோ கூடியிருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்ததும் ஆயா குரலை உயர்த்தினாள். "பேத்தி பாரீசுலேர்ந்து வந்துட்டா!"

"பாரீஸ் இல்ல ஆயா, லியோன்."

"அது யாருக்குத் தெரியும்? பாரீசுக்குப் பக்கத்துலதான?"

400 கிலோமீட்டருக்கு மேல்.

"ஆமா ஆயா. பக்கத்துலதான்."

"அப்புறம் என்ன" என்றாள். சீஸ் பொட்டலத்தை வாங்கி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கொண்டுபோய்க் கொல்லைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.