நீலப் பீப்பாய் வரையான பாதை

இலங்கையின் வடக்கிலுள்ள முகமாலையில் மிதிவெடி அகற்றிய அனுபவத்தோடு கம்போடியாவுக்குப் பயிற்றுநராகச் சென்றபோது, ஐ.நா. அமைதிப்படையில் லெபனானுக்குப் புறப்படவிருந்த அந்நாட்டுப் பொறியியல் படையினருக்குக் கருவிகளைக் கையாளக் கற்றுக்கொடுப்பதே என் வேலை என்று எண்ணியிருந்தேன். அது இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. எஞ்சிய நாட்களெல்லாம் போர்க்களப் பழக்கங்களை மாற்றுவதிலேயே கழிந்தன.

போரில் பொறியியல் படை கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி திறப்பது, பின்னால் வரும் படை கடந்துபோவதற்காக. அங்கு நேரமே முதன்மையானது. ஓரளவு இழப்பு நேரும் என்பதும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கும். மனிதாபிமானப் பணியில் அந்தக் கணக்குக்கே இடமில்லை. குறித்த நிலத்தில், குறித்த ஆழம் வரை, எங்கள் பயிற்சியில் 13 சென்ரிமீற்றர், ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. தென் லெபனானிலிருந்து 2000இல் இஸ்ரேல் வெளியேறியதை உறுதிசெய்ய ஐ.நா. வகுத்த நீலக் கோடு ஏறத்தாழ 120 கிலோமீற்றர் நீளமானது. அதைத் தரையில் காட்டும் நீலப் பீப்பாய்களை நிறுத்த வேண்டிய இடங்கள் பல கண்ணிவெடிப் பகுதிகளுக்குள் இருந்ததால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒடுங்கிய பாதையொன்றைத் துப்புரவாக்கித் தரவேண்டியிருந்தது. அங்கு போய்ச் சேர்ந்ததும் மீண்டும் சோதித்து, தகுதி உறுதியான பிறகே வேலையைத் தொடங்க விடுவார்கள்.

என் வகுப்பில் ஒரு மூத்த சார்ஜன்ட் இருந்தார். இளையவர்கள் அவரை ‘போங்’, அதாவது அண்ணன், என்றே அழைத்தார்கள். தாய்லாந்து எல்லையோரக் கிராமத்தில் பிறந்த அவர், இளம் சிப்பாயாக இருந்த காலத்தில், முகக்கவசம் எதுவுமின்றி, கத்தியால் மண்ணைக் கிளறி வெடிகளை எடுத்தவர். பயிற்சிப் பாதையில் நான் புதைத்திருந்த மூன்று போலி வெடிகளையும் எல்லோருக்கும் முன்னதாகக் கண்டுபிடித்தார். ஆனால் நான்கு இடங்களில் டிடெக்டர் ஒலித்தும் தோண்டவில்லை. கேட்டபோது, “அவை ஆணிகள்” என்றார். உண்மையில் அவை ஆணிகள்தான். சரியாகச் சொன்ன ஒருவரை, அதுவும் அனுபவத்தில் என்னிலும் பெரியவரை, சித்தியடையவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன்.

அன்று மாலை அவரைத் தனியே அழைத்தேன். முகமாலையில் நாங்கள் எடுத்த பாகிஸ்தானியத் தயாரிப்பான பி-4 மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு; அதே அளவு உலோகம் வைத்த போலி வெடியொன்றையும் துருப்பிடித்த ஆணியொன்றையும் அருகருகே புதைத்து, எது எது என்று சொல்லுங்கள் அண்ணே என்றேன். நெடுநேரம் மண்டியிட்டு டிடெக்டரின் ஒலியைக் கேட்டார். அவரால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியாது என்பதை மொழிபெயர்ப்பாளர் மூலம் அவருக்குச் சொன்னேன்.

கம்போடியா 2006இல் சூடானுக்குத் தன் முதல் அமைதிப்படைக் குழுவை அனுப்பியதே கண்ணிவெடி அகற்றத்தான். தன் நிலத்தில் இன்னும் வெடிகள் கிடக்க, பிறர் நிலத்தைத் துப்புரவாக்கப் புறப்படும் அந்த மனிதர்களை, வன்னியில் பிறந்த நான் மிகுந்த மரியாதையோடு பார்த்தேன். அதனாலேயே அவர்களிடம் கண்டிப்பாக இருந்தேன்.

இறுதித் தேர்வில் அந்த சார்ஜன்ட் தன் பாதையை முடிக்க மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் எடுத்தார். பாதையின் தொடக்கத்தில் வைத்திருந்த தகர டப்பாவில் அவர் சேர்த்த உலோகத் துண்டுகளை எண்ணினேன். 37 இருந்தன. நான் புதைத்தவை 31.