ஒரு ஓட்டில்

2025 ஜூன் 24, செவ்வாய்

அப்பாவின் டெஸ்ட் ரிப்போர்ட் வரவில்லை. வெள்ளிக்கிழமை கேட்டுப் பாருங்கள் என்கிறார்கள்.

ஜூன் 26, வியாழன்

இரவு இரண்டு மணிக்கு அப்பா விழித்துக்கொண்டு, "பார்க்கர் விழா என்னிக்கும்மா?" என்றார். ஜூலை 27 என்றேன். "இன்னும் ஒரு மாசம் இருக்கே" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. டேவ் பார்க்கர், எங்கள் ஊர் பிட்ஸ்பர்க்கின் பைரேட்ஸ் பேஸ்பால் அணி ஆட்டக்காரர். அவரை ஹால் ஆஃப் ஃபேமில், பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில், சேர்க்கும் விழா அது. 39-ஆம் எண் சட்டை. 2712 ஹிட் (பந்தை அடித்து பேஸைப் பிடித்தது), 339 ஹோம் ரன் (ஒரே அடியில் முழுச் சுற்று). 1977, 78 இரண்டு வருடமும் மேஜர் லீகின் ஒரு பாதியான நேஷனல் லீகின் பேட்டிங் சாம்பியன். 78-இல் ஹோம் பிளேட்டில் மோதி முகத்து எலும்பு உடைந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஆடி, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். இப்படிப்பட்டவர் பெயர் 1997-இலிருந்து 2011 வரை, பதினைந்து முறை, ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பேஸ்பால் எழுத்தாளர்களின் ஓட்டுச்சீட்டில் இருந்தது. உள்ளே போக 75 சதவீதம் வேண்டும். ஒரு முறைகூட 25-ஐத் தொடவில்லை.

1985-இல் பிட்ஸ்பர்க் போதைப்பொருள் வழக்கில் சாட்சி சொன்னதைக் காரணமாகச் சொல்வார்கள். பதினைந்து வருடத்துக்குமா அந்தக் காரணம்?

ஜூன் 28, சனி

டேவ் பார்க்கர் போய்விட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

29 நாள். விழாவுக்கு வெறும் 29 நாள் இருந்தது.

நேற்று பைரேட்ஸ் மைதானத்தில் ஆட்டம் தொடங்குமுன் மௌன அஞ்சலி. டிவியை அணைத்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பரிலேயே தேர்வான செய்தி பார்க்கர் காதில் விழுந்துவிட்டதே, அது போதாதா என்கிறாள் தங்கை. போதாது. அவருக்கு பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது 2012-இல். 74 வயதில் போகப்போகிறவருக்கு 73-இல் கதவைத் திறப்பது என்ன கணக்கு? எழுத்தாளர்கள் விட்டவர்களை மறுபடி பார்க்கும் கமிட்டிதான் அவரைத் தேர்ந்தெடுத்தது. அதில் 16 பேர். 14 பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர் ஆட்டத்தை 1991-லேயே முடித்துக்கொண்டவர். அதற்குப் பிறகு அந்த எண்களில் ஒன்றுகூட மாறவில்லை.

ஜூலை 2, புதன்

சொல்லிவிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேட்டரியை விட்டு எறிஞ்சானுங்களே" என்றார். 1980-இல் த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்தில் நடந்தது. வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் சம்பளம் வாங்குகிறான் என்று நம் ஊர் ரசிகர்களே அவர்மேல் எறிந்தார்கள். இத்தனை மருந்துக்கு நடுவிலும் அப்பாவுக்கு அது மறக்கவில்லை.

ஜூலை 5, சனி

லாரி டோபியின் நாள். 1947 ஜூலை 5, சிகாகோவில் கிளீவ்லாண்ட் அணிக்காக இறங்கினார். கறுப்பினத்தவரைச் சேர்க்காதிருந்த மேஜர் லீகில் அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் நேஷனல் லீகுக்கு வந்து பதினோரு வாரம்தான் ஆகியிருந்தது. அதே வசை, அதே தனி ஹோட்டல். சொந்த அணியிலேயே சிலர் கை கொடுக்க மறுத்தார்கள். மேஜர் லீகின் இன்னொரு பாதியான அமெரிக்கன் லீகில் அவருக்கு முன்னால் எந்தக் கறுப்பினத்தவரும் இந்த வழியில் நடந்ததில்லை. ஆனாலும் ஊருக்கு அவர் 'இரண்டாவது ஆள்'. ராபின்சனின் 42-ஆம் எண்ணை 1997-இல் எல்லா அணிகளும் சேர்ந்து ஓய்வு கொடுத்தன, சரி, அது வேண்டியதுதான். டோபியை ஹால் ஆஃப் ஃபேமுக்குள் விட 1998 ஆயிற்று.

ஆனால் அவர் உயிரோடு இருந்தார். 2003 வரை இருந்தார். இன்று இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

ஜூலை 10, வியாழன்

டிக் ஆலன் பற்றி ஒரு முறை முழுதாக எழுதிவிட வேண்டும். மனதில் கிடந்து அரிக்கிறது.

பிறந்தது வாம்பம், இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1963-இல் ஃபிலடெல்ஃபியா அணி நிர்வாகம் அவரைத் தெற்கே லிட்டில் ராக்கில் இருந்த துணை அணிக்கு அனுப்பியது. அந்த அணியின் முதல் கறுப்பின ஆட்டக்காரர். அந்த ஊரில் அவரை என்ன பாடு படுத்துவார்கள் என்று தெரிந்தும் ஒரு இளைஞனைத் தனியாக அனுப்பினார்கள். அடுத்த வருடம் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். அங்கேயோ சொந்த ரசிகர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் வீசினார்கள். ஃபீல்டிங் செய்யும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். நாற்பது அவுன்ஸுக்கு மேல் எடையுள்ள மட்டை, 351 ஹோம் ரன். 1972-இல் சிகாகோவில் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். பிடிவாதக்காரன், அணியைக் கெடுப்பவன் என்று பேர் கட்டினார்கள். கல் எறிகிறவர்களுக்கு நடுவில் நிற்பவன் சிரித்துக்கொண்டா நிற்பான்?

2014-இல் கமிட்டி கூடியது. ஒரு ஓட்டில் போயிற்று. அடுத்து 2020 டிசம்பரில் கூடியிருக்க வேண்டும், கொரோனாவால் தள்ளிவைத்தார்கள். அந்த டிசம்பர் 7-இல் அவர் இறந்தார். 2021-இல் கூடினார்கள். 12 ஓட்டு வேண்டும், 11 வந்தது. மறுபடி ஒரே ஓட்டு. கடைசியில் 2024 டிசம்பர் 8-இல் 13 ஓட்டு. இறந்து நான்கு வருடம், ஒரு நாள்.

அந்த ஒரு ஓட்டைப் போடாமல் போனவர் யார்? நல்லவராகக்கூட இருக்கலாம். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

ஜூலை 13, ஞாயிறு

தங்கை வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டதால் வெளியே போக முடிந்தது. நேராக லாரன்ஸ்வில், அலகெனி கல்லறைத் தோட்டம். கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீகின் ஜாஷ் கிப்சன் அங்கேதான் இருக்கிறார். 1947 ஜனவரி 20-இல், 35 வயதில் இறந்தார். ராபின்சன் டாட்ஜர்ஸுக்கு ஆடத் தொடங்கியது அந்த ஏப்ரலில். 1972-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்; அப்போதும் அவர் புதைந்த இடத்தில் ஒரு கல் இல்லை. 1975-இல்தான் வைத்தார்கள். போன வருடம் மே மாதம் நீக்ரோ லீக் கணக்குகளையும் மேஜர் லீக் புத்தகத்தில் சேர்த்தபோது, .372 பேட்டிங் சராசரியோடு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பையே தாண்டி முதலிடத்துக்கு வந்தார். எழுபத்தேழு வருடம் கழித்து.

புல் வெட்டியிருந்தார்கள். யாரோ ஒரு பந்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 16, புதன்

நேற்று இரண்டு லீகின் சிறந்தவர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் 6-6 என்று முடிய, ஹோம் ரன் போட்டி வைத்துத் தீர்த்தார்கள். அப்பாவுக்கு ஒரே குஷி, இரண்டு இட்லி சாப்பிட்டார். உடனே 1979 சியாட்டில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் போய்விட்டார். ஏழாவது இன்னிங்ஸில் பார்க்கர் ரைட் ஃபீல்டிலிருந்து எறிந்து ஜிம் ரைஸை மூன்றாவது பேஸில் அவுட்டாக்கியது, எட்டாவதில் பிரையன் டவுனிங்கை ஹோம் பிளேட்டில் அவுட்டாக்கியது. நேஷனல் லீக் 7-6. கையைத் தூக்கி எறிந்தே காட்டினார். ஊசி போட்ட கை. நர்ஸ் திட்டினார். திட்டட்டும்.

ஜூலை 21, திங்கள்

ரிப்போர்ட் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மே மாதம் பேஸ்பால் கமிஷனர் சொன்னார்: நிரந்தரத் தடை என்பது அந்த ஆள் இறந்ததோடு முடிகிறது. பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்காகத் தடை பெற்ற பீட் ரோஸுக்கு அதனால் தடை நீங்கியது. அவர் போன செப்டம்பரிலேயே போயாயிற்று. சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. செத்தவனுக்கு நீதி சொல்வதில் இவர்களுக்கு என்ன இத்தனை சௌகரியம்?

கோபமாக இருக்கிறேன். யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 26, சனி

நாளை கூப்பர்ஸ்டவுனில் விழா. ஆலனுக்காக அவர் மனைவி, பார்க்கருக்காக மகன். இவர்களோடு சேரும் மற்ற மூவர், இச்சிரோவும் சபாத்தியாவும் வாக்னரும், தாங்களே பேசுவார்கள்.

அப்பா இன்று தெளிவாக இருந்தார். "உயிரோட இருக்கறவன்ல யாரும்மா பாக்கி?" என்றார். லூ விட்டேக்கர் என்றேன், யோசிக்கவே இல்லை. டெட்ராய்ட்டின் இரண்டாவது பேஸ். 1977 செப்டம்பர் 9-இல் ஆலன் டிராமலோடு ஒரே நாளில் அறிமுகம், பத்தொன்பது சீசன் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். 2369 ஹிட், 244 ஹோம் ரன். 2001-இல் எழுத்தாளர்கள் ஓட்டில் அவருக்கு விழுந்தது 2.9 சதவீதம். ஐந்துக்குக் கீழே போனால் அடுத்த வருடம் சீட்டில் பெயரே வராது. டிராமல் 2018-இல் உள்ளே போனார். இவர் இன்னும் வெளியே.

விட்டேக்கருக்கு 68 வயது. 1980-க்குப் பிறகு ஆடியவர்களுக்கான கமிட்டி இந்த டிசம்பரில் கூடுகிறது. "அப்போ டிசம்பர் வரைக்கும் பாக்கணும்" என்றார் அப்பா. ஆமாம்ப்பா, பார்க்கலாம் என்றேன். விட்டேக்கர் பெயரைப் பட்டியலிலாவது சேர்ப்பார்களா?